அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சின் கட்டியாச்சு, இப்போது மக்கர் பண்ணுகிறது: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

பழைய எஞ்சினில் வரும் கோளாறு வேறு, நேற்றுக் கட்டி முடித்த எஞ்சினில் வரும் கோளாறு வேறு. பழையதில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும். புதிதாகக் கட்டியதில் தேய எதுவும் இல்லை, ஏதோ ஒன்றை நாம் தப்பாக மாட்டியிருப்போம், அல்லது மாட்டவே மறந்திருப்போம். இதை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் பாதி நேரம் மிச்சம். ஸ்டார்ட் ஆகாத எஞ்சினைப் பார்த்ததும் "போர் (சிலிண்டரின் உள் துளை) சரியில்லை, ரிங் சரியில்லை" என்று லேத் பட்டறைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால், கடைசியாக நம் கை பட்ட இடத்தில் ஆரம்பிக்க வேண்டும்.

நான் சொல்வது 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் பெட்ரோல் எஞ்சின் பற்றி. 73 மி.மீ. போர், 89 மி.மீ. ஸ்ட்ரோக், மூன்று மெயின் பேரிங், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. பின்னாளில் வந்த 1.8 இசுசூவுக்கும் டீசலுக்கும் இதில் பல விஷயங்கள் பொருந்தாது. என்னிடம் இருப்பது மார்க் 3. இரண்டு தடவை எஞ்சின் இறக்கியிருக்கிறேன். இரண்டாவது தடவை ஏன் இறக்க வேண்டியிருந்தது என்பதைக் கீழே ஓரிடத்தில் சொல்கிறேன், எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கட்டும்போதே கிராங்க் இறுகுகிறது

இது வண்டியில் ஏற்றும் முன்பே தெரிந்துவிடும், அதனால் நல்ல கோளாறு. மெயின் கேப் (கிராங்கை பிளாக்கோடு பிடிக்கும் மூடி) மூன்றையும் போட்டு டைட் பண்ணியதும் கிராங்க் கையால் சுற்றவில்லை என்றால் எல்லாவற்றையும் லூஸ் பண்ணிவிட்டு ஒவ்வொரு கேப்பாக 70 பவுண்ட்-அடிக்கு இறுக்கி, ஒவ்வொரு தடவையும் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பில் பிடிக்கிறதோ அங்கேதான் விஷயம். கேப் திரும்பிப் போயிருக்கும், அல்லது பேரிங் முதுகில் ஒரு தூசி, ஒரு உலோகத் துகள். 20 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அண்டர்சைஸ் பேரிங் வாங்கினேன் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் பேரிங் முதுகில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், பெட்டி மாறிப்போவது சகஜம்.

மெயின் சரி, பிஸ்டன் போட்டதும் இறுகுகிறது என்றால் கான்ராட் தப்பான பக்கம் திரும்பியிருக்கலாம். இந்த எஞ்சினில் பிக் எண்ட், அதாவது கான்ராட் கிராங்கைப் பிடிக்கும் முனை, நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கும். 1-ம் 3-ம் ஒரு ஜோடி, 2-ம் 4-ம் இன்னொரு ஜோடி. பிரிக்கும்போது சென்டர் பஞ்சால் புள்ளி வைத்திருந்தால் இந்தத் தலைவலி கிடையாது. ரிங் கேப் (ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி) பார்க்காமல் போட்டிருந்தாலும் இறுகும்: ரிங்கை போருக்குள் நேராகத் தள்ளி ஃபீலர் கேஜ் விட்டால் 8 முதல் 13 தௌ இருக்க வேண்டும். குறைந்தால் அரம் போட வேண்டும். அப்படியே விட்டால், குளிர்ச்சியாக இருக்கும்போது ஓடினாலும் சூடானதும் ரிங்கின் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு சிலிண்டரைக் கீறிவிடும், அப்போது அழுது பயனில்லை.

செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை, கார்புரேட்டர் வழியாகத் 'டப்'பென்று அடிக்கிறது

புதிதாகக் கட்டிய எஞ்சினில் இதுதான் முதலிடம், பத்தில் ஏழு தடவை டிஸ்ட்ரிபியூட்டர்தான். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒன்றாம் சிலிண்டர் பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வரும், ஒன்று கம்ப்ரஷன் முடிவில், இன்னொன்று எக்ஸாஸ்ட் முடிவில். கிராங்க் புல்லி குறியை மட்டும் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டர் போட்டால் பாதிக்குப் பாதி வாய்ப்பில் தப்பாகத்தான் போகும். டைமிங் செயின் பல்சக்கரங்களில் இருக்கும் இரண்டு புள்ளியும் எதிரெதிரே வந்திருக்கிறதே, அப்படியென்றால் ஒன்று கம்ப்ரஷனில் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள், புள்ளி சொல்வது கேமும் கிராங்கும் பொருந்திவிட்டன என்பதை மட்டும்தான்.

வால்வ் கவரைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்று, டேஷ்போர்டு பக்கம் இருப்பது நாலு. ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டே நாலாம் சிலிண்டரின் இரண்டு வால்வையும் பாருங்கள்: ஒன்று மூடிக்கொண்டு வரும்போது இன்னொன்று திறக்க ஆரம்பிக்கும், இரண்டும் ஒரு கணம் ஊசலாடும். அந்த இடத்தில் புல்லி குறியும் உச்சியில் இருந்தால் ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது. இப்போது ரோட்டர் எங்கே பார்க்கிறதோ அந்த டவரில்தான் (டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் வயர் செருகும் குழி) ஒன்றாம் பிளக் வயர் போக வேண்டும், அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றாக 3, 4, 2.

இங்கே ஒரு சோம்பேறி வைத்தியம் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவ் கியரை ஒரு பல் மாற்றிப் போட்டுவிட்டாலும், 180 டிகிரி திருப்பிப் போட்டுவிட்டாலும், அதை மறுபடி உருவ வேண்டியதில்லை, வயர்களை இடம் மாற்றினால் போதும், ரோட்டருக்கு எந்த டவர் எந்த சிலிண்டர் என்ற கவலை கிடையாது. வேக்குவம் டப்பா பிளாக்கில் இடித்து டைமிங் திருப்ப இடமில்லாமல் போனால் மட்டும் 5/16 போல்ட்டைத் திருகி டிரைவை உருவி ஒழுங்காகப் போடுங்கள். அடுத்து வரும் மெக்கானிக் உங்களைத் திட்டுவார், அது வேறு விஷயம்.

டைமிங் சரி, ஆனாலும் ஸ்பார்க்கே இல்லையா? டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சி.பி. (கான்டாக்ட் பிரேக்கர்) பாயிண்ட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறீர்கள்தானே. பாயிண்ட் ஸ்பிரிங் வந்து உட்காரும் அந்தச் சின்னக் கம்பத்தில் காயில் வயரும் கண்டன்சர் வயரும் ஸ்பிரிங்கும் ஒன்றையொன்று தொட வேண்டும், ஆனால் மூன்றும் தட்டைத் தொடக்கூடாது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் புஷ், ஒரு இன்சுலேஷன் வாஷர். சட்டைப் பித்தானைவிடச் சின்னது. அது இல்லாமலோ வரிசை மாறியோ போட்டால் மின்சாரம் நேராக பாடிக்குப் போய்விடும், பாயிண்ட் திறந்தாலும் ஒன்றுதான் மூடினாலும் ஒன்றுதான். இக்னிஷனைப் போட்டு, பாயிண்ட்டை ஸ்க்ரூடிரைவரால் பிரித்துப் பாருங்கள், சின்னப் பொறி வரவில்லை என்றால் இந்த வாஷரைத் தேடுங்கள். பாயிண்ட் கேப் 15 தௌ, பிளக் கேப் 25 தௌ.

பெட்ரோல் பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல மாதம் நின்ற வண்டியின் டேங்கில் கிடக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள், வார்னிஷ் வாடை வந்தால் அது பெட்ரோல் அல்ல.

ஸ்டார்ட் ஆனது, ஆயில் பிரஷர் ஏறவில்லை

உடனே ஆஃப். "கொஞ்ச நேரம் ஓடினால் வந்துவிடும்" என்று சொல்பவரைக் கேட்காதீர்கள். புது பேரிங்குக்குப் பத்து செகண்ட் வறண்ட ஓட்டமே அதிகம்.

முதலில் செய்திருக்க வேண்டியது: பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் பண்ணாமல், செல்ஃபிலேயே விட்டு விட்டுச் சுற்றி மீட்டர் முள் ஏறுகிறதா அல்லது விளக்கு அணைகிறதா என்று பார்ப்பது. பிளக் இல்லாததால் கம்ப்ரஷன் பாரம் கிடையாது, பேரிங்குக்கு நோகாது. ஏறவில்லை என்றால் ஆயில் பம்ப் காய்ந்து கிடக்கிறது, தானாக உறிஞ்சத் தெரியாமல் காற்றைக் கடைகிறது. பம்ப்பை மாட்டும்போதே உள்ளே ஆயிலோ வேஸ்லினோ அடைத்திருந்தால் இது நடக்காது. இப்போது என்ன செய்வது? பிரஷர் பைப் யூனியனைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஆயில் கேனால் உள்ளே தள்ளுங்கள், கேலரி (பிளாக்குக்குள் ஆயில் போகும் பாதை) வழியாகப் பம்ப் வரைக்கும் இறங்கும். மறுபடி செல்ஃப்.

அப்படியும் வரவில்லை என்றால் வரிசையாக இவை: ரிலீஃப் வால்வ் திறந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, சம்ப்புக்குள் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) ஸ்ட்ரெய்னர் இணைப்பில் பேக்கிங் போட மறந்து காற்று இழுக்கிறது, அல்லது பிளாக்கைக் கழுவுவதற்காகக் கழற்றிய கேலரி பிளக் ஒன்று திரும்ப ஏறவே இல்லை. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு, கழற்றிய பிளக்குகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு எண்ணிக்கையை மேலே எழுதி வையுங்கள், கட்டி முடித்ததும் தீப்பெட்டி காலியாக இருக்க வேண்டும்.

சரி, பிரஷர் எவ்வளவு வேண்டும்? சூடான எஞ்சினில் ரோட்டு வேகத்தில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்ட் பக்கம், ஐடிலிங்கில் 15-க்குக் குறையாமல் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஸ்டார்ட் ஆனதும் நன்றாக இருந்து, சூடேற ஏறச் சரிந்துகொண்டே போனால் அது பம்ப் அல்ல, பேரிங் இடைவெளி. கிராங்க்கை அரைத்த அளவும் பேரிங் அளவும் ஒத்துப்போகவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பட்டறையில் போர் அடித்த பிளாக்கைச் சரியாகக் கழுவாமலே கொடுத்துவிட்டார்கள், அவரும் கழுவாமல் கட்டிவிட்டார். கேலரியில் மிச்சமிருந்த அரைத்தூள் முந்நூறு கிலோமீட்டரில் பிக் எண்ட் நான்கையும் தின்றுவிட்டது. பட்டறையில் எத்தனை முறை கழுவினோம் என்று சொன்னாலும் வீட்டில் சோப்புத் தண்ணீரும் குப்பி கழுவும் பிரஷ்ஷும் வைத்து இன்னொரு தடவை கழுவுங்கள். வெள்ளைத் துணியை ஆயிலில் நனைத்து போரில் தேய்த்தால் சாம்பல் நிறம் வரக்கூடாது. டீசலால் கழுவினால் அரைத்தூள் போகாது, சோப்பு வேண்டும்.

சத்தம்

"டிக் டிக் டிக்" என்று மேலே கேட்டால் டேப்பட் கேப், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி. குளிர்ந்த எஞ்சினில் 15 தௌ வைக்க வேண்டும். எட்டு வால்வுக்கும் எந்த நேரத்தில் வைப்பது என்று குழம்ப வேண்டாம், ஒன்பது கணக்கு போதும்: எட்டாவது வால்வ் முழுதாக அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதை வையுங்கள், ஆறு அமுங்கினால் மூன்று, நாலு அமுங்கினால் ஐந்து, எப்போதும் கூட்டினால் ஒன்பது. ஒரு வால்வில் மட்டும் எவ்வளவு திருகினாலும் கேப் கிடைக்கவில்லை, கூடவே அந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்றால் புஷ் ராடு டேப்பட்டின் குழியில் உட்காராமல் விளிம்பில் ஏறி நிற்கிறது. அப்படியே ஓட்டினால் ராடு வளையும்.

ராக்கரைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பொறி இருக்கிறது, இந்த எஞ்சினை முதல்முறை தொடுபவர்கள் அத்தனை பேரும் விழும் பொறி. ராக்கர் பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. ஹெட்டுக்கு மொத்தம் 11 நட்டு, அதில் ஒரு பக்கத்து நான்கை மட்டும் கழற்றினால் ஹெட் சாய்ந்து இழுபடும், கேஸ்கட் போய்விடும். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட்டு, பதினொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, திரும்ப நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 40 பவுண்ட்-அடிக்குக் கொண்டுவர வேண்டும். "ராக்கரைத்தான் கழற்றினேன், தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது" என்று புலம்புபவர்களின் கதை இதுதான்.

முன்பக்கம் கலகலவென்று சங்கிலி சத்தம் கேட்டால் டைமிங் செயின் டென்ஷனரின் பூட்டை விடுவிக்காமல் கவரைப் போட்டிருப்பீர்கள். கீழேயிருந்து 'டொக் டொக்' என்று, ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது கூடினால் பிக் எண்ட். ஒவ்வொரு பிளக் வயராக எடுத்துப் பாருங்கள், எதை எடுத்ததும் சத்தம் அடங்குகிறதோ அந்த சிலிண்டர். இதற்குச் சம்ப்பைக் கழற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இப்போது என் கதை. கட்டி முடித்து முதல் நாள் அருமையாக ஓடியது. இரண்டாம் வாரம் சிக்னலில் நிற்கும்போது கிளச்சை மிதித்தால் ஐடிலிங் கொஞ்சம் இறங்குவதைப் பார்த்தேன். கார்புரேட்டர் டியூனிங் என்று நினைத்து ஸ்க்ரூவைத் திருகினேன். நான்காம் வாரம் கிளச்சை மிதித்தால் எஞ்சினே நின்றது, கூடவே கல்லில் இரும்பைத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். பானெட்டைத் திறந்து, மகனைக் கிளச்சை மிதிக்கச் சொல்லிவிட்டு கிராங்க் புல்லியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் மிதித்ததும் புல்லி முன்னால் வந்தது, விட்டதும் உள்ளே போனது, கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பவை நடு மெயின் பேரிங்கில் இருக்கும் அரைவட்டத் த்ரஸ்ட் வாஷர்கள். ஆயில் வாய்க்கால் வெட்டிய முகம் கிராங்க் பக்கம் பார்க்க வேண்டும். நான் பின்பக்கத்தில் இரண்டையும் திருப்பிப் போட்டிருக்கிறேன், வெறும் இரும்பு முதுகு கிராங்கில் உரசி, அதைத் தின்று, தானும் தேய்ந்து காகிதம்போல் வெளியே வந்தது. இருக்க வேண்டிய ஆட்டம் இரண்டு மூன்று தௌதான். கட்டும்போது ஸ்க்ரூடிரைவரால் கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி ஃபீலர் விட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், கூடவே வாஷர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் கண்ணில் பட்டிருக்கும். பார்க்கவில்லை, கிராங்க் போச்சு. கிளச் மிதித்தால் ஐடிலிங் மாறுகிறது என்றால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள், முதலில் புல்லியைப் பாருங்கள்.

புகை

நீலப்புகை முதல் சில நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். ரிங் போரோடு ஒட்டி உட்கார வேண்டும், அதற்குப் பாரம் வேண்டும். புது எஞ்சின் என்று பொத்திப் பொத்தி ஐடிலிங்கிலேயே வைத்திருந்தால் போர் கண்ணாடிபோல் மினுமினுத்து ரிங் கடைசிவரை உட்காராது, அப்புறம் ஆயுசுக்கும் புகைதான். வண்டியை ரோட்டில் எடுங்கள், மூன்றாம் கியரில் இழுக்கவிட்டு, காலை எடுத்து வேகம் குறையவிட்டு, மறுபடி இழுங்கள். புது கேமும் புது டேப்பட்டும் போட்டிருந்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே 2000 ஆர்.பி.எம். பக்கம் இருபது நிமிடம் ஓடவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐடிலிங்கில் கேமுக்கு ஆயில் போதாது.

ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் நீலம் நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷன் பாருங்கள். குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். 'டாப்' என்று அடித்த முகம் மேலே பார்க்க வேண்டிய ரிங்கைக் கவிழ்த்துப் போட்டால் அது ஆயிலை வழிப்பதற்குப் பதில் மேலே ஏற்றிவிடும். காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு குப் புகை, பிறகு சுத்தம் என்றால் வால்வ் சீல், அவசரமில்லை.

கறுப்புப் புகை சோக் அல்லது கார்புரேட்டர். வெள்ளை, காலையில் ஐந்து நிமிடம் வந்து நின்றால் வெறும் ஈரம். நிற்காமல் வந்து ரேடியேட்டரில் குமிழியும் விட்டால் கேஸ்கட்.

சூடு ஏறுகிறது

புது எஞ்சின் இறுக்கம், கொஞ்சம் கூடுதலாகத்தான் சூடாகும். கொதிக்கிறது என்றால் முதலில் டைமிங்கைப் பாருங்கள், பின்தங்கிய டைமிங்கில் சூடு எல்லாம் எக்ஸாஸ்ட்டிலும் தண்ணீரிலும் போய்ச் சேரும். ரேடியேட்டரை மட்டும் கழுவிவிட்டு பிளாக்கை மறந்திருந்தால் நாலாம் சிலிண்டரைச் சுற்றித் துருச்சேறு களிமண்ணாக இறுகிக் கிடக்கும். பிளாக்கின் டிரெயின் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லையா, அதுதான். ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். ஐம்பது வருடத்துச் சேறு, ஒரே குத்தில் வராது.

ஆயில் ஒழுகல்

இந்த எஞ்சினுக்குப் பின் மெயினில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய மரை, சுற்றும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். அதனால் வண்டி நின்ற பிறகு, அதுவும் மூக்கு மேலே தூக்கிய சரிவில் நிறுத்தினால், சொட்டு விழும். நாலு சொட்டுக்கு எஞ்சின் இறக்காதீர்கள். ஓடும்போதே கொட்டுகிறது என்றால் கிராங்க் கேஸ் பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், உள்ளே அழுத்தம் கூடினால் எந்த பேக்கிங்கும் நிற்காது.

முன்பக்கம் ஒழுகினால் டைமிங் கவருக்குள் இருக்கும் ஆயில் த்ரோயரைத் திருப்பிப் போட்டிருக்கலாம், அல்லது புல்லியை மாட்டாமலே கவர் போல்ட்டுகளை இறுக்கியிருக்கலாம். முதலில் புல்லியை உள்ளே விட்டு கவரை நடுவுக்கு வரவைத்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும். பக்கவாட்டு டேப்பட் கவரின் கார்க் பேக்கிங்கை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பிதுங்கி ஒழுகும், ஷெல்லாக் தடவி மிதமாக இறுக்குவது போதும்.

இழுவை இல்லை

டேப்பட், டைமிங், பாயிண்ட், இந்த வரிசையில். மூன்றும் சரி என்றால் கேம் ஒரு பல் தள்ளியிருக்கிறதா என்று கவரைக் கழற்றிப் புள்ளியைப் பார்க்க வேண்டியதுதான். எஸ்.யூ. கார்புரேட்டர் இருந்தால் மேல்மூடியைத் திருகி டேம்பரில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் திக்கும். ஓட ஓட டேப்பட் கேப் குறைந்துகொண்டே வந்தால் வால்வ் சீட் உள்ளே அமுங்குகிறது. இந்தியாவில் 2000-ம் ஆண்டிலிருந்து பெட்ரோலில் ஈயம் இல்லை, இந்த ஹெட்டோ ஈயத்தை நம்பிப் பிறந்தது. ஹெட் பட்டறைக்குப் போகும்போதே எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் இறக்கிவிடச் சொல்லுங்கள், பிறகு செய்தால் இரட்டைச் செலவு.

எண்ணூறு கிலோமீட்டர் ஆனதும் எஞ்சின் குளிர்ந்த காலையில் ஹெட் நட்டு பதினொன்றையும் ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், பிறகு டேப்பட் 15 தௌ, பிறகு ஆயில். இறக்கிய ஆயிலை சாக்கடையில் கொட்டாமல் ஒரு வெள்ளை பேசினில் விட்டு வெயிலில் காட்டுங்கள். சாம்பல் மினுமினுப்பு லேசாக இருக்கும், அது ரிங். செம்பு நிறத்தில் பளபளத்தால் அது பேரிங், சம்ப்பைக் கழற்ற ஜாக்கியை எடுங்கள்.